ஊறுகாய் வியாபாரத்துக்கு ஆன்லைனில் பணம் வாங்க எந்த கேட்வே?

ஊறுகாய்_அக்கா (சாட்ஸ்வொர்த்), திங்கள் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுச் சமையலறையிலேயே ஊறுகாயும் மசாலாப் பொடியும் செய்து விற்கிறேன். எட்டு வருடம் ஆகிறது. ஆயா கைப்பக்குவத்து மாங்காய் ஊறுகாய், கலவைக் காய் ஊறுகாய், பிறகு இங்கே டர்பனில் மாமியார் பெயரை வைத்து விற்போமே, அந்தக் காரப் பொடி. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். பணத்தை வங்கிக் கணக்குக்கு இஎஃப்டி செய்வார்கள், அனுப்பியதற்கு ஸ்கிரீன்ஷாட் காட்டுவார்கள், நான் பொருளைக் கொடுப்பேன். இவ்வளவு நாள் அப்படித்தான் ஓடியது.

போன சனிக்கிழமை ஒருவர் வெள்ளை பக்கியில் (சின்னச் சரக்கு வண்டி) வந்தார். ஏதோ கல்யாண வீட்டுக்கு என்று 1,460 ராண்டுக்கு ஆர்டர். போனை நீட்டினார். வங்கியின் சின்னம், என் கணக்கின் கடைசி நான்கு எண், தேதி, தொகை எல்லாம் சரியாக இருந்தன. "வேறு வங்கி அக்கா, திங்கட்கிழமைதான் ஏறும்" என்றார். நானே இரண்டு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன், வண்டியில் வைக்க என் மகன் உதவினான். இன்று திங்கள் முடிந்துவிட்டது. பணம் ஏறவில்லை. அந்த எண் இப்போது என்னை பிளாக் செய்திருக்கிறது.

ஆகவே முறையாக ஒரு பேமெண்ட் கேட்வே, அதாவது இணையத்தில் பணம் வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் சேவை, வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். வாரத்துக்கு நாற்பது ஆர்டர் வரை வரும். சிறியது 45 ராண்ட், ஒரே ஒரு பொட்டலம். சராசரி 180. தீபாவளி, காவடி சமயங்களில் 2,500 வரைக்கும் போகும். புரட்டாசியில் கறி சாப்பிடாத வீடுகளால் ஊறுகாய் இரட்டிப்பாக ஓடும். லண்டனிலும் பெர்த்திலும் இருக்கும் உறவுக்காரர்களும் கேட்கிறார்கள். என் தங்கை மகன் ஷாப்பிஃபையில் இணையக் கடை போட்டுத் தருகிறேன் என்கிறான். இணையத்தில் தேடினால் பேஃபாஸ்ட், பேஸ்டாக், பீச், யோகோ, ஓசோ என்று பெயர்கள் கொட்டுகின்றன. ஒவ்வொருவரும் தாங்களே மலிவு என்கிறார்கள். எதை நம்புவது?

வேலு_டோங்காட், திங்கள் இரவு 10.05

யோகோ வாங்குங்கள். கார்டு மெஷினும் கிடைக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்ப லிங்க்கும் கிடைக்கும். எனக்கு நான்கு வருடமாகத் தொல்லை இல்லை. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

கணக்குப்பிள்ளை (டர்பன் நார்த்), செவ்வாய் காலை 6.50

வேலுவுக்கு எல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடும். அக்கா, கொஞ்சம் பொறுங்கள்.

எல்லோரும் சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். உங்களைப் போன்ற சிறு ஆர்டர் வியாபாரத்தில் ஆளைக் கடிப்பது சதவீதம் இல்லை, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அந்த ஒன்று இரண்டு ராண்ட். நிறுவனப் பெயர் சொல்ல மாட்டேன், விலைப்பட்டியல் அடிக்கடி மாறும். இந்த ஊரில் சாதாரணமாகக் காணும் இரண்டு மாதிரி விலையை எடுத்துக்கொள்கிறேன். முதலாமவர் 2.9 சதவீதமும் 1 ராண்டும் கேட்கிறார். இரண்டாமவர் 3.2 சதவீதமும் 2 ராண்டும். இருவரும் 'வாட் தனி' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதாவது மேலே இன்னும் 15 சதவீத வரி.

உங்கள் 45 ராண்ட் பொட்டலத்துக்கு முதலாமவர் எடுப்பது 2.65 ராண்ட், இரண்டாமவர் 3.96. கேட்கச் சில்லறைக் காசு. கணக்குப் போட்டால் ஒருவர் 5.9 சதவீதம் எடுக்கிறார், மற்றவர் 8.8 சதவீதம். விளம்பரத்தில் 2.9, 3.2 என்று போட்டதை எங்கே தேடுவது? 180 ராண்ட் ஆர்டரில் 7.15, 8.92. 2,500 ராண்ட் ஆர்டரில் 84.53, 94.30, அங்கேதான் சதவீதம் விளம்பரத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. வாரம் நாற்பது ஆர்டர், சராசரி 180 என்று வைத்தால் இருவருக்கும் இடையே நான்கு வாரத்தில் சுமார் 283 ராண்ட் வித்தியாசம்.

இன்னொன்று. சிலர் பணத்தை உங்கள் வங்கிக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு தொகை பிடிப்பார்கள். அது 10 ராண்ட் என்று வையுங்கள். பணம் கண்ணில் படவேண்டும் என்று வேலை நாள்தோறும் மாற்றினால் மாதம் 22 முறை, 220 ராண்ட் அதிலேயே போகும். மேலே மிச்சம் பிடித்ததெல்லாம் இங்கே கரைந்துவிடும். வாரம் ஒரு முறை மாற்றுங்கள்.

வாட் பதிவு உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் அந்த 15 சதவீதத்தைத் திரும்பக் கேட்க முடியாது, அது முழுச் செலவு. பதிவு இருந்தால் அவர்கள் அனுப்பும் மாத பில்லைப் பத்திரமாக வையுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த பில்லைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

45 ராண்ட் பொட்டலத்தை ஆன்லைனில் தனியாக விற்கவே விற்காதீர்கள். மூன்றாகக் கட்டிப் போடுங்கள்.

கோவைக்காரன்_சாண்டன், செவ்வாய் காலை 8.15

மன்னிக்கவும், இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. எனக்கு இது புரியவே இல்லை. கோவையில் இளநீர்க்காரரிடம்கூட யுபிஐ ஒட்டியிருக்கும். ஸ்கேன் செய்தால் அடுத்த நொடி அவர் கணக்கில் பணம், கமிஷன் ஒரு பைசா கிடையாது. இங்கே ஊறுகாய் விற்கிறவர் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இன்னொருவருக்குப் பங்கு கொடுக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை (டர்பன் நார்த்), செவ்வாய் காலை 8.40

தம்பி, ஆகாயத்தில் இருந்து எதுவும் இலவசமாக விழவில்லை. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் யுபிஐக்குக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. அந்தச் செலவை வங்கிகளும் அரசு மானியமும் சுமக்கின்றன. இங்கே சுமக்க ஆள் இல்லை.

அதன் சாயலில் இங்கேயும் ஒன்று உண்டு. 2023 மார்ச்சில் பேஷாப் வந்தது. செல்போன் எண்ணையே முகவரியாக வைத்துப் பணம் அனுப்பலாம், அதில் சேர்ந்திருக்கும் வங்கி எதுவானாலும் உடனே ஏறும். தொடங்கியபோது ஒரு முறைக்கு 3,000 ராண்டுதான் வரம்பு, பிறகு உயர்த்தினார்கள். அக்காவின் வாசலுக்கு வந்து வாங்குகிறவர்களுக்கு இதுவே போதும். 'திங்கட்கிழமைதான் ஏறும்' என்ற கதை பேஷாப்பில் எடுபடாது.

முனியம்மா_பேரன் (மேரிட்ஸ்பர்க்), செவ்வாய் மதியம் 1.20

நான் கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவன். அக்காவின் தங்கை மகனுக்கு ஒரு சொல்.

ஷாப்பிஃபை நல்ல கடைதான். ஆனால் அதன் சொந்தப் பேமெண்ட் சேவை தென்னாப்பிரிக்காவில் கிடையாது. வெளியார் கேட்வேயைத்தான் இணைக்க வேண்டும். அப்படி இணைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஷாப்பிஃபை தனியாக 2 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கேட்வேக்குக் கொடுப்பது வேறு, இது வேறு. வாரம் 7,200 ராண்ட் விற்றால் 144 ராண்ட். மாத வாடகை அதற்கு மேல், அதுவும் டாலரில். கணக்குப்பிள்ளை ஐயா இந்த ஊசியை இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

உங்கள் அளவுக்கு வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருள் போதும். அதில் கேட்வேயை இணைக்க கேட்வேக்காரர்களே இலவச பிளகின் தருகிறார்கள். அதைவிட நேராகச் சொன்னால், உங்களுக்கு இப்போது இணையத்தளமே வேண்டாம். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, பேமெண்ட் லிங்கையும் வாட்ஸ்அப்பிலேயே அனுப்புங்கள். பணம் ஏறியதும் உங்கள் போனுக்குத் தகவல் வரும், பிறகு பெட்டியைக் கட்டுங்கள். என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன், பரவாயில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கார்டு எண்ணை வாடிக்கையாளர் கேட்வேயின் பக்கத்தில்தான் அடிக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் கூடவே கூடாது. சில ஆன்ட்டிகள் கார்டை முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்புவார்கள். அதை உடனே அழித்துவிட்டு அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு கேட்வேயான ஸ்டிரைப்பைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இங்கே பதிவான கம்பெனிக்கு ஸ்டிரைப் நேரடியாகக் கணக்கு தராது. 2020ல் அவர்கள் வாங்கிய பேஸ்டாக் 2021 முதல் இங்கே இருக்கிறது, அதுதான் அவர்களின் வழி. பேபால் உண்டு, ஆனால் 2010 முதல் எஃப்என்பி வங்கி வழியாகத்தான் பணத்தை ராண்டாக எடுக்க முடியும். லண்டன் உறவுக்காரருக்குப் பேபால் வேண்டியதும் இல்லை. அவருடைய விசா கார்டை உள்ளூர் கேட்வேயே வாங்கும். ராண்டில் பில் போடுங்கள், பவுண்டாக மாற்றுவது அவர் வங்கியின் வேலை. வெளிநாட்டுக் கார்டுக்குக் கமிஷன் கொஞ்சம் கூடுதல், அதை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெர்த்துக்கு வீட்டு மாங்காய் ஊறுகாய் அனுப்புவது வேறு கதை. பணம் வந்துவிடும், ஊறுகாய் ஆஸ்திரேலிய உயிரிப் பாதுகாப்பு அதிகாரியின் மேசையில் போய் நிற்கும்.

பட்டுக்கடை_வெருலம், செவ்வாய் இரவு 8.30

எல்லோரும் கமிஷனையே பேசுகிறீர்கள். பணம் வந்த பிறகு திரும்பிப் போவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

2021 ஜூலைக் கலவரத்தில் இரண்டு வாரம் கடையைத் திறக்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் பணம் கட்டியவர்கள் ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம். அப்போதுதான் ஆன்லைனில் புடவை விற்கத் தொடங்கினேன். நன்றாகவே போயிற்று. மறுவருடம் ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்து ஒரு அம்மா 6,800 ராண்டுக்கு ஒரு காஞ்சிபுரம் எடுத்தார். மாம்பழ நிறம், அரக்கு பார்டர், நானே மடித்து வைத்தேன். கார்டில் கட்டினார், போனுக்கு வந்த ஓடிபி அடித்தார், எல்லாம் முறைப்படி. கூரியரில் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல்: 'பொருள் வந்து சேரவில்லை என்று கார்டுக்காரர் புகார், சான்று அனுப்பவும்.'

சான்று இருக்கிறதே என்று தெம்பாகத்தான் இருந்தேன். கூரியர் சீட்டை எடுத்துப் பார்த்தால் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. வளைந்துகூட இல்லை, நேர்க்கோடு. பெயர் இல்லை, நேரம் இல்லை. குடியிருப்பு வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சீட்டைத்தான் அனுப்பினேன். தோற்றேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் எனக்கு வரவேண்டிய பணத்தில் 6,800ஐப் பிடித்துக்கொண்டு, புகாரைக் கவனித்ததற்கு என்று தனியாக ஒரு கட்டணமும் போட்டார்கள். புடவையும் போயிற்று, பணமும் போயிற்று. அந்த வாரம்தான் எனக்குப் புடவைக்காரரிடம் பாக்கி கட்ட வேண்டியிருந்தது.

இதற்குப் பெயர் சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு விதிப்படி பொதுவாக 120 நாள் வரை இப்படிக் கேட்கலாம். நான்கு மாதம். சாப்பிட்டு முடித்த ஊறுகாய்க்கும் இது பொருந்தும் அக்கா.

வேலு_டோங்காட், செவ்வாய் இரவு 8.52

ஓடிபி அடித்தால் கடைக்காரருக்குப் பொறுப்பு இல்லை என்றுதானே சொல்கிறார்கள்?

முனியம்மா_பேரன் (மேரிட்ஸ்பர்க்), செவ்வாய் இரவு 9.10

அது பாதி உண்மை வேலு அண்ணே. 2014 முதல் இங்கே இணையத்தில் கார்டு வாங்கும் கடைகளுக்கு 3டி செக்யூர் என்ற கார்டு சரிபார்ப்பு கட்டாயம், அந்த ஓடிபி அதன் பகுதி. ஓடிபி சரியாக அடித்த பிறகு 'இது நான் இல்லை, என் கார்டைத் திருடிவிட்டார்கள்' என்று ஒருவர் புகார் சொன்னால், நஷ்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கியின் தலையில் விழும். ஆனால் 'வாங்கியது நான்தான், பொருள் வரவில்லை' என்று சொன்னால் ஓடிபி உங்களைக் காப்பாற்றாது. அதற்குக் கூரியர் சீட்டுதான் காவல்.

பட்டுக்கடை_வெருலம், செவ்வாய் இரவு 9.25

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. அதனால் இப்போது 1,000 ராண்டுக்கு மேல் எது போனாலும் பெறுகிறவரின் போனுக்கு எண் வந்து, அதைச் சொன்னால்தான் பொட்டலத்தைத் தருகிற கூரியரில் மட்டும் அனுப்புகிறேன். சின்னப் பொட்டலங்களை பெப் கடைகளில் கொடுத்து வாங்கும் பாக்ஸியில் போடுகிறேன். அங்கே வாங்க வருகிறவர்தான் கையில் வாங்க வேண்டும்.

கேட்வே எடுப்பதற்கு முன் அவர்கள் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். விற்பனைப் பிரிவுக்கு இல்லை, உதவிப் பிரிவுக்கு. எத்தனை மணி நேரத்தில் மனிதக் குரல் கேட்கிறது என்று பாருங்கள். என்னுடையவர்கள் அந்தப் புகார் நடந்த மூன்று வாரமும் மின்னஞ்சலிலேயே குடித்தனம் நடத்தினார்கள். ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயர், அதே பதில்.

ராமசாமி_ஃபீனிக்ஸ், புதன் காலை 7.00

நான் மாற்றிப் பேசுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்காவின் வாடிக்கையாளர்கள் யார்? அறுபது வயது ஆன்ட்டிகள், கோயில் கமிட்டிக்காரர்கள், தமிழ்ப் பள்ளி ஆசிரியைகள். லிங்க் வந்தால் 'இது வைரஸா' என்று கேட்பவர்கள். பாதிப்பேர் இணையத்தில் கார்டு போட மாட்டார்கள். காசோலைதான் 2020 டிசம்பரோடு போய்விட்டது, இஎஃப்டியையும் எடுத்துவிட்டால் என் அம்மா எப்படி ஊறுகாய் வாங்குவாள்? ஒரு திருடன் வந்தான் என்பதற்காக எட்டு வருட வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் நான்கு சதவீதம் வசூலிக்க வேண்டுமா?

தவறு இஎஃப்டியில் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பொருளைக் கொடுத்ததில்தான். அந்தப் படத்தைச் செய்வதற்கு என் பேத்திக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஊறுகாய்_அக்கா (சாட்ஸ்வொர்த்), புதன் காலை 7.45

ராமசாமி அண்ணே, நீங்கள் சொல்வது சுடுகிறது, ஆனால் சரி. அன்றைக்கு வங்கி ஆப்பைத் திறந்து பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். கையில் மசாலா ஒட்டியிருந்தது, போனைத் தொட மனம் வரவில்லை.

கணக்குப்பிள்ளை (டர்பன் நார்த்), புதன் காலை 8.10

ராமசாமியோடு எனக்குப் பாதி உடன்பாடு. இஎஃப்டியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆப்பில் பணம் தெரிந்த பிறகே பெட்டி வெளியே போகட்டும். வங்கியிலிருந்து வந்தது போன்ற எஸ்எம்எஸ்ஸையும் நம்ப வேண்டாம், அதுவும் போலியாக வரும்.

மீதிப் பாதியில் உடன்பாடு இல்லை. நாற்பது ஆர்டருக்கு நாற்பது முறை ஆப்பைத் திறந்து, 'ஊறுகாய்' என்று மட்டும் குறிப்பு போட்ட ஏழு பேரில் யார் எந்த ராணி ஆன்ட்டி என்று கண்டுபிடித்து, மாதக் கடைசியில் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற நேரத்துக்கு விலை இல்லையா? போன வருடம் ஒரு வாடிக்கையாளரின் 'ஊறுகாய்' வரவுகளைப் பிரிக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை போயின. அதற்கு நான் வாங்கிய கூலி அவருடைய ஆறு மாதக் கமிஷனைவிட அதிகம்.

முனியம்மா_பேரன் (மேரிட்ஸ்பர்க்), புதன் காலை 8.35

ஒரு நடுவழி உண்டு. ஓசோ போன்றவர்களின் உடனடி இஎஃப்டி. கார்டு வேண்டாம், வாடிக்கையாளர் தன் வங்கியைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்தே கட்டுவார். தொகை, குறிப்பு எல்லாம் தானாக நிரம்பும். கார்டைவிடக் கமிஷன் குறைவாக இருக்கும், சார்ஜ்பேக்கும் கிடையாது.

அதில் ஒரு முள்ளும் இருக்கிறது. இது வந்த காலத்தில், வாடிக்கையாளர் தன் வங்கிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வெளியார் பக்கத்தில் அடிக்க வேண்டியிருந்தது. 'கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று வங்கி ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ராமசாமி அண்ணனின் அம்மா தயங்கினால் அது நியாயம்தான். இப்போது சில வங்கிகள் முறையான வழி திறந்திருக்கின்றன. கேப்பிடெக் வங்கியின் கேப்பிடெக் பே அப்படிப்பட்டது. கடவுச்சொல் எங்கும் அடிக்க வேண்டாம், சொந்த வங்கி ஆப்பில் ஒப்புதல் கேட்கும், சரி என்று தட்டினால் போதும். உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் கேப்பிடெக் என்று ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள், அதை வைத்து முடிவு செய்யலாம்.

கட்ரபோர்ன்_தமிழன் (மொரிஷியஸ்), புதன் மதியம் 12.15

எங்கள் தீவிலும் இதே பஞ்சாயத்துதான். இங்கே மொரிஷியஸ் மத்திய வங்கி 2019ல் மௌகாஸ் கொண்டுவந்தது, வங்கி எதுவானாலும் உடனே ஏறும். பிறகு அதற்குப் பொதுவான கியூஆர் குறியும் வந்தது. தைப்பூசக் காவடிக்குப் பால்குடமும் மயிலிறகும் விற்கும் என் மாமா அந்தக் குறியை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறார். ஆனால் அவரும் எதிரில் நிற்பவர் காட்டும் போனைப் பார்க்க மாட்டார், தன் போனைத்தான் பார்ப்பார். இரண்டு முறை ஏமாந்த பிறகு வந்த பழக்கம்.

ஊறுகாய்_அக்கா (சாட்ஸ்வொர்த்), புதன் இரவு 9.30

இன்று இரண்டு நிறுவனங்களின் படிவங்களைத் திறந்து பார்த்தேன். அடையாள அட்டை, முகவரிச் சான்று, வங்கிக் கடிதம் என்று கேட்கிறார்கள். வியாபாரத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன், ஆனால் வங்கிக் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது. கம்பெனிப் பதிவு கிடையாது. தருவார்களா?

கணக்குப்பிள்ளை (டர்பன் நார்த்), புதன் இரவு 10.00

தருவார்கள். தனியாள் வியாபாரம் என்று பதியுங்கள். ஃபிக்கா சட்டம் 2001ல் வந்தது, அதன்படி ஆள் யார் என்று பார்க்காமல் பணம் கையாளக்கூடாது. அதனால்தான் அத்தனை தாள். முகவரிச் சான்று மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்கட்டும். பதிகிற பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். அட்டையில் கோவிந்தம்மா, வங்கியில் கோவிந்தம்மாள் என்று இருந்ததால் ஒருவருக்குப் பதினோரு நாள் தாமதமானது.

அதைவிட முக்கியமான ஒன்று, இதை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை. மாதம் எவ்வளவு விற்பீர்கள் என்று கேட்பார்கள். பயந்துகொண்டு குறைத்துப் போடாதீர்கள். எனக்குத் தெரிந்த பூஜைப் பொருள் கடைக்காரர் ஒருவர் மாதம் 10,000 ராண்ட் என்று எழுதினார். காவடி சீசனில் ஒரே வாரத்தில் 60,000 வந்தது. கணினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'ஆய்வில் இருக்கிறது' என்று பத்தொன்பது நாள் பணத்தை நிறுத்திவைத்தார்கள். கற்பூரம் கொடுத்தவர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே 'இந்த மாதம் விற்பனை கூடும்' என்று எழுதி அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. உங்களுக்குப் புரட்டாசியும் தீபாவளியும் ஒட்டி வருகின்றன. இப்போதே எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் 'ரிசர்வ்' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் படியுங்கள். விற்பனையில் ஒரு பங்கை எத்தனை நாள் பிடித்து வைக்கலாம் என்பது அங்கேதான் இருக்கும்.

பட்டுக்கடை_வெருலம், புதன் இரவு 10.20

சட்டத்தையும் சொல்லிவிடுங்கள் ஐயா. திரும்பக் கொடுப்பதில் நான் மாட்டிக்கொண்ட இன்னொரு இடம் அது.

கணக்குப்பிள்ளை (டர்பன் நார்த்), புதன் இரவு 10.45

2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், 44ஆம் பிரிவு. இணையத்தில் வாங்கியவர் பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் அவருடையது, பணத்தை முப்பது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். புடவைக்கு இது பொருந்தும், அதில்தான் இவர் மாட்டினார். வீட்டுக்கு அனுப்பும் உணவுப் பொருளுக்கு இந்த ஏழு நாள் விதி கிடையாது. அக்கா நிம்மதியாக இருக்கலாம். பாட்டில் உடைந்து போனால் அது வேறு விஷயம்.

அதே சட்டத்தின் 43ஆம் பிரிவில், விற்பவர் வைத்திருக்கும் பணம் வாங்கும் ஏற்பாடு போதுமான பாதுகாப்போடு இருக்க வேண்டும் என்றும், இல்லாமல் வாங்கியவருக்கு நஷ்டம் வந்தால் பொறுப்பு விற்றவருடையது என்றும் இருக்கிறது. கார்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்குகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

ரீஃபண்ட் கொடுக்கும்போது கேட்வே முதலில் எடுத்த கமிஷனைத் திருப்புகிறதா என்றும் கேளுங்கள். பலர் திருப்புவதில்லை.

வேலு_டோங்காட், வியாழன் காலை 6.30

யோகோ வாங்குங்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

ஊறுகாய்_அக்கா (சாட்ஸ்வொர்த்), மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.15

என்ன செய்தேன் என்று சொல்லாமல் விட்டால் நன்றியில்லாதவள் ஆகிவிடுவேன்.

ஷாப்பிஃபை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தங்கை மகனுக்கு முகம் சுருங்கியது, ஒரு கலவைக் காய் பாட்டில் கொடுத்தேன், சரியாகிவிட்டான். நான்கு நிறுவனங்களின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். இருவர் எடுக்கவே இல்லை. ஒருவர் எடுத்தார், ஆனால் நான் கேட்டது சார்ஜ்பேக் பற்றி, அவர் சொன்னது மாத வாடகை பற்றி. நான்காவது இடத்தில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். பணம் எத்தனை நாளில் ஏறும், ரிசர்வ் உண்டா, பண்டிகை மாதத்துக்கு யாருக்கு எழுத வேண்டும், எல்லாவற்றையும் சொன்னாள். கமிஷன் அங்கேதான் குறைவு என்று சொல்ல முடியாது. இரண்டாவது மலிவு. அங்கேயே எடுத்தேன். பெயரைப் போட்டால் விளம்பரம் போல ஆகிவிடும், வேண்டும் என்பவர்கள் தனியாகக் கேளுங்கள்.

முதலில் எனக்கு நானே 10 ராண்டுக்கு ஒரு லிங்க் அனுப்பி, என் கார்டிலேயே கட்டிப் பார்த்தேன். மறுநாள் மாலை 8.52 ஏறியது. அந்த எட்டு ராண்டைப் பார்த்தபோதுதான் கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது மூளைக்குள் இறங்கியது. அன்றைக்கே 45 ராண்ட் பொட்டலத்தை எடுத்துவிட்டேன். இப்போது மூன்று பொட்டலம் 130 ராண்ட்.

ராமசாமி அண்ணன் அம்மா போன்ற பழைய ஆட்கள் இருபத்திரண்டு பேருக்கு இஎஃப்டி தொடர்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறேன், குறிப்பில் அதைத்தான் போட வேண்டும். ஒரு ஆன்ட்டி இன்னும் 'ஊறுகாய்' என்றே போடுகிறார். வாசலுக்கு வருகிறவர்களுக்குப் பேஷாப். வங்கி ஆப்பை இப்போது என் மகன்தான் பார்த்துச் சொல்கிறான், என் கையில் மசாலா.

போன வியாழன் வேறு ஒருவன் வந்து ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினான். "ஏறட்டும், காத்திருங்கள், டீ குடிக்கிறீர்களா?" என்றேன். டீக்கு நிற்கவில்லை.

பட்டுக்கடை_வெருலம், ஞாயிறு மாலை 5.40

கேட்வே பெயரைத் தனியாக அனுப்புங்கள் அக்கா. எலுமிச்சை ஊறுகாய் இருந்தால் இரண்டு பாட்டிலுக்கு லிங்க்கும் சேர்த்து அனுப்புங்கள்.